இருபத்தெட்டாம் எண் அலமாரி

சாவி தொலைந்த அலமாரியைத் திறக்க
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பெலவேந்திரன் வந்தார்.
இருபது கொண்டை ஊசி வளைவு, இரண்டு வாந்தி.

நான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன்:
மேசை ஒன்று. ஜன்னல், கொக்கி இல்லாதது.
வராந்தாவில் பீப்பாய், ஓட்டை.
எல்லாம் போர்த்துக்கீசியம்.
ஏற்காடு ஏறாத கப்பல்காரர்கள்
மிளகு இறங்கிய வழியில்
சொற்களை மட்டும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

அயர்லாந்து பிரதர் ஃபின்டன்
நாற்பத்தொரு மழைக்காலம் இங்கேயே நனைந்தார்.
அவர் மொழியில் ஒரு சொல்கூட
கடைத்தெருவில் ஒட்டவில்லை.

பூட்டு விட்டது.
உள்ளே பாச்சை உருண்டை, ஒற்றைக் காலுறை, ஒரு நோட்டு.
அவர் மொழியில் ஒரு வரி; அடியில்
சொல்லுக்குச் சொல், சாய்ந்த தமிழ்.

'பசி என்மேல் இருக்கிறது.'
அடித்து, 'எனக்குப் பசிக்கிறது.'
'வருத்தம் என்மேல் இருக்கிறது.'
அடித்திருக்கிறார். மாற்று எழுதவில்லை.
'சாவி என்னிடம் இருக்கிறது.'
இதில் அடித்தல் இல்லை.
பக்கத்தில் சின்னதாக ஒரு சரி.

கடைசிப் பக்கத்தில்:
'வந்தாயா என்றால் வந்தேன் என்கிறார்கள்.
ஆமாம் இருந்தும் எடுப்பதில்லை.
எங்களிடம் ஆமாமே கிடையாது.'

பெலவேந்திரன் அரத்தைத் துடைத்தார்.
"புதுசு ஒண்ணு வெட்டணுமா சார்?"
"வெட்டணும்."