மரமில்லாத தீவில் தபால்

ஃபாரோவில் மரம் கிடையாது.
காற்று விட்டாலும் செம்மறி விடாது.
புல், பாறை, மறுபடி புல்.
அவசரத்துக்கு ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத தீவில்
எனக்குப் பெருங்குடல் அழற்சி.
வேலை, தபால் வண்டி ஓட்டுவது.

மற்றவர்களுக்கு ஊரென்றால் தேவாலயம், துறைமுகம், கடை.
என் வரைபடம் வேறு.
பெட்ரோல் நிலையம்: சாவி கல்லாவில், கேட்டால் முறைப்பான்.
பள்ளிக்கூடம்: பிள்ளைகள் வகுப்புக்குள் போன பிறகு.
மீன் ஆலை: பின்வாசல்.
சுன்வா வீடு வேண்டாம்.
போனால் காப்பி தராமல் விடமாட்டாள்,
குடித்தால் மறுபடி போகவேண்டும்.

வாயைக் கட்டிப் பார்த்தேன்.
பால் நின்றது. ருபார்ப் ஜாம் நின்றது.
காற்றில் காய்ந்த இறைச்சியைத் தட்டோடு தள்ளிவைத்தேன்,
அம்மா முகம் சுருங்கினாள்.
வாய் கட்டுப்பட்டது.
வயிறு அதன்பாட்டுக்கு.

கடலுக்கடியில் பதினோரு கிலோமீட்டர் சுரங்கப்பாதை.
நடுவில் வட்டச் சந்திப்பு, நீலமும் பச்சையுமாய் விளக்கு.
சுற்றுலாக்காரர்கள் இரண்டு தடவை சுற்றிவந்து படமெடுக்கிறார்கள்.
எனக்கு வலி பிடிப்பதும் அங்கேதான்.
தலைக்கு மேலே மொத்தக் கடலும் இருக்க,
பல்லைக் கடித்துக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பின்னாலிருந்து முன்னாக முணுமுணுப்பேன்.
கடவுளுக்குப் புரிந்திருக்கும்.

ஹானுஸுக்கு மாதம் ஒரு பெட்டி வரும்.
கோபன்ஹேகனிலிருந்து, வெள்ளையாய், வெளியில் எதுவும் எழுதாமல்.
கனமே இராது. கம்பளி என்று நினைத்திருந்தேன்;
செம்மறி ஊருக்கு யார் கம்பளி அனுப்புவார்கள்
என்று யோசிக்கவில்லை.
எழுபத்தொன்பது வயது. கிரீன்லாந்துக் கடலில் முப்பது வருஷம்.
கையெழுத்துப் போடுவார், "மழை" என்பார்,
கதவைச் சாத்துவார்.

நவம்பரில் மழை பக்கவாட்டில் பெய்த ஒரு நாள்
அவர் வாசலில் பெட்டியின் அடி விட்டது.
தோல்நிறப் பைகள், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவை.
காற்று ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டது.
செம்மறிகள் மிரண்டு விலக
துரத்தினோம், அவரும் நானும், சரிவெல்லாம்.
வேலிக்கம்பியில் சிக்கியதை எடுத்து
என் கையிலிருந்ததோடு சேர்த்து எண்ணினார்.
இருபத்தெட்டு.
"ரெண்டு நார்வேக்குப் போயிருக்கும்" என்றார்.
சிரிக்கவில்லை. கம்பளிச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்,
இடது பக்கம் மட்டும்.

அந்த நேரம் பார்த்தா எனக்குப் பிடிக்கவேண்டும்?
ஓடிய ஓட்டம்.
வாய் திறந்து கேட்கவில்லை, முகம் சொல்லியிருக்கும்.
"நேராகப் போய் வலது.
தாழ்ப்பாள் விழாது, இருமிக்கொண்டே இரு."

அலமாரியில் அதே பைகள், அளவாய் அடுக்கி,
படகில் வலை அடுக்குகிற நேர்த்தியில்.
பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல், ஒரு சின்ன ரேடியோ.
நான் இருமினேன்.
கொஞ்சம் கழித்து, சமையலறையிலிருந்து
அவர் பதிலுக்கு இருமினார்.

டிசம்பர்ப் பெட்டிக்கு நானே இரண்டு சுற்று டேப் ஒட்டினேன்.
கையெழுத்துப் போட்டார். "மழை" என்றார்.
கதவைச் சாத்தவில்லை.

வரைபடத்தில் ஓரிடம் கூடியிருக்கிறது.
ஹானுஸ்: நேராக, வலது.
தாழ்ப்பாள் இன்னும் சரிசெய்யவில்லை.