கிலோக் கணக்கில்லாத மீன்

தம்பி றெக்ஸ் திருக்கடலூரில் பெண் எடுத்தவன், வலைக்காரன்.
என் போத்தல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இது எத்தினை சேர்ந்தால் ஒரு கறி?"

நூற்றுப் பதினெட்டுப் போத்தல்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவன்.
இடையிடையே கார்ட்போட் மட்டை.
தபாற்கந்தோரில் எனக்குப் பார்சல் பிரிவு,
மட்டைக்குப் பஞ்சமில்லை.
ஒருவனை ஒருவன் கண்டால்
செவுள் விரித்து, கண்ணாடியில் முட்டி
வாலைக் கிழித்துக்கொள்வான்கள்.
நாளுக்கு இரண்டு நிமிடம் மட்டும் மட்டையை எடுப்பேன்.
அளவோடு கொடுத்தால்
கோபத்திலும் நிறம் ஏறும்.

முதலில் கப்பியும் ஏஞ்சலும்தான் வளர்த்தேன்.
பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்ற அந்தப் பங்குனியில்
காற்று மோட்டர் அடங்கி
ஒரே இரவில் எண்பத்தாறு.
விடிய வாளியில் அள்ளித் தென்னையடியில் தாட்டேன்.
அந்த வருஷம் அந்த ஒரு மரம் நன்றாகக் காய்த்தது.
அதை ஆறுதல் என்று எடுப்பதா, இன்றுவரை தெரியாது.

ஃபைட்டர் அப்படியில்லை.
மேலே வந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுப் போகும்.
மின்சார சபையை நம்பாத மீன்.

சோடி சேர்ப்பது சனிக்கிழமை இரவு.
ஐஸ்கிரீம் டப்பா, ஒரு வாதுமைச் சருகு,
சாயத்தண்ணி நிறத்தில் தண்ணீர்.
அவன் நாள் முழுக்க நுரை கட்டுவான்.
பிறகு அவளை வளைத்துச் சுற்றி ஒரு பிழிவு.
முட்டைகள் உப்புக்கல் மாதிரி விழ விழ
வாயால் பொறுக்கி நுரைக்குள் ஒட்டுவான்.
முடிந்ததும் அவளை நான் எடுத்துவிட வேண்டும்,
விட்டால் கொன்றுபோடுவான்.
விழுகிற குஞ்சுகளை மூன்று இரவு
நித்திரையில்லாமல் தூக்கித் தூக்கி வைப்பான்.
பிறகு அவனையும் எடுத்துவிட வேண்டும்,
விட்டால் அவனே தின்பான்.
தகப்பன் எந்த மணிக்கு வாயாக மாறுவான் என்று
அவனுக்கும் தெரியாது.
இரண்டு தரம் பிந்தியிருக்கிறேன்.

வளரும் குஞ்சுக்கு நுளம்புப் புழு வேண்டும்.
டெங்குக் காலத்தில் நுளம்புப் புழு குற்றம்.
பாலையூற்றுக்குப் புதிதாக வந்த பீ.எச்.ஐ
டோர்ச் அடித்து அத்தனை போத்தலும் பார்த்தார்.
ஒன்றிலும் புழு இல்லை.
இருந்ததெல்லாம் வயிற்றுக்குள்.
பின்வளவில் மூடிவைத்த வாளியைப் பற்றி
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.
போகும்போது சிவப்பில் நீலம் ஓடும் ஒருவனைக் காட்டி
"என்ன விலை?" என்றார்.
லஞ்சம் ஆகிவிடக்கூடாதே என்று
ஐம்பது ரூபாய் கூட்டியே சொன்னேன்.

அனுராதபுரச் சந்தி நிஸ்தார்
நூற்றிருபதுக்கு எடுத்து நானூறுக்கு விற்பார்.
வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இருநூறு.
அபயபுரப் பொடியன் ஒருவன் சில்லறையாய் எண்ணித் தந்து
வெள்ளையன் ஒருவனைக் கொண்டுபோனான்.
மூன்றாம் நாள் அதே பையில்
மிதந்தபடி திரும்பி வந்தது.
பைப் தண்ணீரை அப்படியே ஊற்றியிருக்கிறான்.
என் அரைகுறைச் சிங்களத்தில் குளோரினை விளக்க முடியவில்லை.
இன்னொருவனையும்
நேற்றே பிடித்துவைத்த தண்ணீர் இரண்டு லீற்றரும் கொடுத்தேன்.
அவன் பிறகு வரவில்லை.
மீன் உயிரோடு இருக்கிறது,
அல்லது வர வெட்கப்படுகிறான்.

வாடைக் காற்றில் வள்ளங்கள் கரையேறிய கிழமை
றெக்ஸ் வந்தான். வேலையில்லாத கைகள்.
அவனாகவே ஒரு மட்டையை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"ரெண்டு நிமிசம்தான்" என்றேன்.
கூடையைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்கிறவன்
விரல் நீட்டி ஒன்று ஒன்றாய் எண்ணினான்.
"அக்கா, நூற்றுப் பதினேழு."
ஒரு போத்தலில் மூடி சரிந்து கிடந்தது.

மெழுகுதிரியோடு இரண்டு பேரும் முழங்காலில்.
மேசைக் காலடியில், பார்சல் நூலுக்குள்,
தூசி போர்த்தபடி கிடந்தான்.
செவுள் ஒரு தரம் திறந்தது.
றெக்ஸ் கையை நீட்டினான்.
"கையை நனைச்சிட்டுத் தொடு" என்றேன்.

நனைத்தான்.