குறை எண் ஏழு

திரும்பி வருபவைதாம் என் மேசைக்கு வரும்.
எலாஸ்டிக் பட்டை தளர்ந்தது, பசை வழிந்தது,
பதினாறு பக்கம் விட்டுப்போனது,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறோம்.

இன்று சிசாக்கிலிருந்து ஒன்று.
கருப்புத் துணி அட்டை, நூல் தையல்,
நூற்றிருபது பக்கம், தந்த நிறத் தாள்.
கூடவே ஒரு சீட்டு:
"பணம் வேண்டாம்.
தண்ணீர் பட்டாலும் படுத்தே கிடக்கிற தாளில்
ஒரு புத்தகம் அனுப்புங்கள்.
துப்ராவ்கா பெர்கோவிச்."

முதல் நாற்பது பக்கம் கரிப் பென்சில்.
இரும்பாலையின் பூட்டிய வாயில்.
பேருந்தில் வாய் பிளந்து தூங்கும் ஒருவன்.
மறுபடி அவனே, இந்த முறை வாய் மட்டும்.
மீன் கடைத் தராசு.
நாற்பத்தொன்றில் தூரிகை எடுத்திருக்கிறாள்.
அங்கிருந்து ஒவ்வொரு தாளும்
கூரைத் தகரம்போல் நெளிந்து நிற்கிறது.
புத்தகம் மூட மறுக்கிறது.

ஓரத்தில் ஒரு துண்டு கிழித்துப் பார்க்கிறேன்.
தாளுக்கும் நாடி உண்டு.
நார் ஓடும் திசையில் கிழித்தால் நேர்கோடு,
குறுக்கே கிழித்தால் எலி கடித்த மாதிரி.
நார், முதுகை ஒட்டி மேலிருந்து கீழே ஓட வேண்டும்.
இதில் குறுக்கே ஓடுகிறது.
நனைந்த தாள் விரிய இடம் தேடும்,
தையல் இறுக்கிப் பிடித்திருந்தால்
நெளியாமல் என்ன செய்யும்?
குறை எண் ஏழு.

பின்னட்டையின் உள்ளே தொகுதி எண்.
நவம்பர், வியாழன், இரவுப் பணி,
மடிப்பு இயந்திரத்தில் யெர்னேய்.
அந்த இரவு எனக்குத் தெரியும்.
சாவா ஏறி வந்து
சரக்கு மேடையின் மூன்றாம் படியில் நின்றது.
வந்து பார் என்று கையசைத்தது நான்தான்.
டார்ச் வெளிச்சத்தில்
ஒரு நாய்க்கூண்டு மிதந்து போனது.
உள்ளே நாய் இருக்குமா என்றான்.
இல்லை என்றேன், தெரியாமலே.
திரும்பிப் போனவன்
அடுத்த கட்டுத் தாளைப் பக்கவாட்டில் ஏற்றியிருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஆறு.
எங்கள் தொட்டிகளைக் கடந்து
அவள் ஊருக்குக் கீழிறங்கும் அதே சாவா,
ஏப்ரல் மாதப் பழுப்பில்.
சமமாகத்தான் சாயம் பூசியிருக்கிறாள்,
அலையைப் போட்டது தாள்.
இதை அவளிடம் சொன்னால் செருப்பைக் கழற்றுவாள்.
நியாயம். அவள் கேட்டது
தட்டையான தாள்.

திரும்பியவற்றை விற்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது.
துணியை உரித்து, நூலை அறுத்து, கூழாக்க வேண்டும்.
தூங்குகிறவனின் வாயும் தராசும்
சாம்பல் அட்டையாகி
வேறொரு புத்தகத்தின் கருப்புத் துணிக்கடியில் கிடக்கும்,
வரைகிறவர் கை படும், கண் படாது.

படிவத்தில் 'பொறுப்பு' என்றொரு கட்டம்.
யெர்னேயின் பணி எண்ணை எழுதினேன்.
பக்கத்தில், இடம் போதாமல்
பொடி எழுத்தில் என்னுடையதையும்.

புதிய தொகுதியில் ஒன்றை எடுத்து
கடைசித் தாளின் மூலையில்
நனைந்த விரலை வைத்தேன்.
ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.
படுத்தே கிடந்தது.
அந்த ஈரத்தடத்தோடுதான்
அவளுக்குப் போகிறது.

பழையது இன்னும் மேசையில்,
பாதி திறந்தபடி.
கூழ் வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும்.