ஏறலாம்

பேராசிரியர் ரெகுலா ஏஷ்பாக்கர்
நாலு வருஷம் எழுதிய கட்டுரையின் கடைசி வரியில்
ஒரு லாம் இருந்தது.
வட்டி ஏறலாம்.

ஜெர்மனில் அது தனியாய் நிற்கும் சின்னச் சொல்.
எதையும் தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்ப்பவள் நான்.
தமிழில் அது வினையின் வாலில் ஒட்டியிருக்கும்,
தட்டினால் உதிரும்.

அந்த லாமுக்கு அவர் பட்ட பாட்டைப்
பக்கத்து அறையிலிருந்து பார்த்தேன்.
முப்பத்தோராயிரம் வீட்டுக் கடன்கள்,
கன்டோன் கன்டோனாக.
பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர்
இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்.
மூன்றாம் தரம் ஒன்றே ஒன்று கேட்டார்:
ஏறும் என்கிறீர்களே, எப்படித் தெரியும்?
ரெகுலா அன்று மதியம் சாப்பிடவில்லை.
ஐந்து மணிக்கு என் கதவில் சாய்ந்து
"அந்த ஆள் சொல்வது சரி" என்றார்.

சங்க்ட் காலன் சரிவில் எங்கள் வணிகப் பள்ளி,
மூன்றாம் மாடியில் ஊடகப் பிரிவு.
பணவீக்கம் என்றால் யாரை அனுப்புவது,
வங்கி கவிழ்ந்தால் யாரை எழுப்புவது,
எவருக்கு முகப்பவுடர் ஒவ்வாது
எல்லாம் என் மேசையில்.
வியாழன் மாலை தொலைக்காட்சியிலிருந்து அழைத்தார்கள்.
பேட்டி ஒன்றரை நிமிடம். பரவாயில்லை.
திரைக்குக் கீழே ஓட ஒரு வரி வேண்டும்,
பெயரோடு சேர்த்து முப்பது எழுத்துக்குள்.
பெயரே பதினேழு.

வெட்டினேன்.
வெளியே பனி. ரயிலுக்கு ஒன்பது நிமிடம்.
கத்தரிக்கோல் என்றால் சத்தமாவது போடும்.

ஞாயிறு வின்டர்தூரில் சீட்டு.
பன்னிரண்டு பேர், தலைக்கு ஐந்நூறு பிராங்க்.
சில்லறை எண்ணிக்கொண்டே குலநாயகி அக்கா சொன்னா:
"வட்டி ஏறுமாம்.
உங்கட பள்ளிக்கூடத்து மனுசிதான் டீவியில சொன்னவா."

நான் உதிர்த்த லாம்
ல-வைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஆம் என்று திரும்பி வந்து
ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.
யாரும் பொய் சொல்லவில்லை.
அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம்.
(அதிலும் ஒரு லாம்.)

பரராஜசிங்கம் அண்ணர் அந்தக் கிழமையே
வீட்டுக் கடனைப் பத்து வருஷத்துக்குக் கட்டிப்போட்டார்,
இரண்டே முக்கால் வீதம்.
செப்டம்பரில் வட்டி இறங்கியது.
டிசம்பரில் இன்னும் கொஞ்சம்.

கட்டுரையில் பிழை இல்லை.
அதன் லாமுக்குள் இறக்கத்துக்கும் இடம் விட்டிருந்தார் ரெகுலா.
நான்தான் போய்ச் சொன்னேன், கதவைச் சாத்திவிட்டு.
அவர் திட்டவில்லை.
தொலைக்காட்சிக்கு ஒரு திருத்தம் எழுதினார்,
ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.
பிறகு கேட்டார்: அந்த மனிதரின் கடன் எவ்வளவு?
பழைய கடித உறையின் முதுகில் கணக்குப் போட்டார்.
மாதம் ஐந்நூற்று எழுபத்தைந்து பிராங்க், வீண்.
பிழைவீச்சு இல்லாமல் ஒரு எண்ணை
அவர் எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

தை மாதச் சீட்டில் அண்ணர் கேட்டார்:
"இனி என்ன மாதிரி, பிள்ளை? இறங்குமோ?"
"இறங்கலாம்," என்றேன். "ஏறவும் செய்யலாம்."
மிச்சமும் வரும் என்பதுபோல்
என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்.
பிறகு சிரித்தார்.
"இதைச் சொல்லவோ உங்களுக்கு அங்க சம்பளம்?"

ஏலம் தொடங்கியது.
அண்ணர் தொண்டையைச் செருமிக்கொண்டு
அறுபது பிராங்க் கழிவு என்றார், மெதுவாக,
பேரத்துக்கு முதல் காலடி வைப்பவர்போல.
ஒருவரும் அதற்கு மேலே கேட்கவில்லை.
குலநாயகி அக்கா யன்னலைப் பார்த்தா.
நான் இருநூறு கேட்கலாம் என்று
வந்திருந்தேன்.