ரசமட்டம்

வலக்கண்ணுக்குள் காற்றடைத்து அனுப்பிவிட்டார்கள்.
பத்து நாள் குப்புறக் கிட என்றார் டாக்டர்.
பிழைப்பே அதுதான் சார் என்றேன்,
சிரிக்கவில்லை.

வியாசர்பாடியில் மார்கழி.
தலைக்குக் குளிக்கக் கூடாது, இருமக் கூடாது.
சொட்டு மருந்துக்கு மட்டும் வானம் பார்க்கலாம்.
வானம் என்பது நின்றுபோன மின்விசிறி,
குளிருக்கு ஜெசிந்தா அணைத்துவைத்தது.

குனிந்ததும் நடுவில் வந்து நிற்கிறது குமிழி.
தும்மலை அடக்கினால் நடுங்குகிறது.
இருபத்தாறு வருஷம்
ஊரார் தரையில் நான் வைத்துப் பார்த்தது
இப்போது என்னை வைத்துப் பார்க்கிறது.

என் வீட்டுத் தரையை இன்றுதான் பார்க்கிறேன், இடக்கண்ணால்.
அண்ணா நகரில் மிஞ்சியது நாலு,
கொளத்தூரில் மிஞ்சியது ஒன்பது,
ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசாத பூக்கள்.
கதவோரத்தில் ஒன்று
தட்டினால் பொள்ளென்கிறது.
வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம்
அதன்மேல் மட்டும் சிவப்பாக விழுகிறது.

ஏழாம் நாள். குமிழி மிளகளவு.
அவள் வைத்த டம்ளர் தளும்பி
காப்பி
மெல்ல என் மூக்கை நோக்கி வருகிறது.

வாட்டமா இருக்கு என்றேன்.
ஈரக்கையோடு ஓடிவந்து
நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.