ஏழு பேர்ச் காணியில்

காணிப் பத்திரம் கைக்கு வந்த மறுவாரம்
அளவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே
ஆராயி சொன்னாள்:
ஒரு மரத்துக்குத்தான் இடமிருக்கு.
ரெண்டாவது வச்சா அது
பெரியாண்டி வீட்டுத் தகரத்துலதான் படுக்கும்.

வீடு போக, தண்ணித் தாங்கி போக,
கக்கூஸ் குழி போக, எனக்குச் சொல்லாமலே
அவள் லீக்ஸ் போட்டுவிட்ட நாலு பாத்தி போக
மிச்சம் மேற்கு மூலை.
ஆடிக் காற்று முதலில் வந்து
முட்டுகிற மூலையும் அதுதான்.

வெலிமடை பஸ்ஸில் போனோம்.
நந்தசேனவின் நாற்றுமேட்டில்
கறுப்புப் பைகள் வரிசை வரிசையாக,
பெரட்டுக்கு நிற்பதுபோல.
பெயர் எழுதிய தகடுகளை மழை நக்கியிருந்தது.

எதற்கு மரம் என்று கேட்டார்.
நிழலுக்கா, பழத்துக்கா, பலகைக்கா,
ரோட்டில் போகிறவன் எட்டிப் பார்க்காமலிருக்கவா?
அவர் தமிழ் என் சிங்களத்தைவிடப் பரவாயில்லை.
ஆனாலும் கேள்வி விளங்க நேரமெடுத்தது.
முப்பத்தொரு வருஷமாக
எந்த மரம், எந்த உயரத்தில் என்று
கந்தோர் சொல்லும். நான் வெட்டுவேன்.

மரம் எனக்குத் தெரியும்.
சவுக்கா, இலையைத் திருப்பினால் வெள்ளி.
டர்பன்டைனா, பட்டை தானாக உரியும்,
வெட்டிய கை மூன்று நாளைக்குத் தைலமாய் மணக்கும்.
வாகையில் ஏறுமுன் இருமுறை யோசிக்க வேண்டும், முறியும்.
முள்முருங்கை பொல்லாதது,
வெட்டி எறிந்த கிளை வேலியில் கிடந்து
துளிர்விட்டு நம்மைக் கேலி செய்யும்.
அதெல்லாம் தோளுக்கு மேலே.
சாண் உயரத்தில், உரிக்கப் பட்டையில்லாமல்,
இரண்டு இலையும் ஒரு குச்சியுமாக நிற்கிறவற்றில்
ஒன்றைக்கூட அடையாளம் தெரியவில்லை.

ஆராயி குந்தி உட்கார்ந்தாள்.
கசக்கி முகர்ந்தாள். காம்பைக் கிள்ளிப்
பால் வருகிறதா பார்த்தாள். இலைகள்
எதிரெதிரா, மாறி மாறியா என்று
நகத்தால் தொட்டு எண்ணினாள்.
இது பேரி, பனிக்கு அஞ்சாது.
இது ஆனைக்கொய்யா, தை மாசத்துல தலை கருகும்.
மகள் கேட்ட ஊதாப்பூ மரம் இது,
குழிப் பக்கத்துல ஆகாது.
இது சவுக்கு.
அதை மட்டும் தொடாமலே சொன்னாள்.

எப்படி என்றேன்.
புல்லுவெட்டுல பத்தொன்பது வருஷம்
தேயிலைக்கு நடுவுல மொளச்சதையெல்லாம்
பிடுங்கினது யாராம்?

பேரிப் பை ஒன்றின் ஓரத்தில்
கூடவே முளைத்திருந்தது இன்னொரு குச்சி.
தளிர் செம்பு நிறம். கசக்கினால்
நாவல்பட்டை மாதிரித் துவர்த்த வாசம்.
இதைத்தான் ஆகக் கூடப் பிடுங்கியிருப்பேன், என்றாள்.
பெரிசானா எப்படியிருக்கும்னு பாத்ததில்ல.

நந்தசேன கண்ணாடியைத் தேடி மாட்டினார்.
குருவி போட்டது, என்றார். தம்பையாக இருக்கும்.
இல்லை, பொறுங்கள்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
பூக்கட்டும், சொல்கிறேன், என்றார்.
பேரியை அவரே பிரித்து எடுத்துக்கொண்டார்.
நாற்பது ரூபாய் வாங்கினார், பைக்கு மட்டும்.

பஸ் முழுக்க அது அவள் மடியில்.
வளைவுகளில் என்னை விட்டுவிட்டு
அதைப் பிடித்துக்கொண்டாள்.

சுவரிலிருந்து பத்தடி தள்ளி என்றிருந்தார்.
எங்களிடம் எட்டடிதான் இருந்தது.
இரண்டடி ஆழம் வெட்டினேன், காற்றுப் பக்கம்
ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டினேன்.
நான் கட்டிய முதல் மரம். முடிச்சு
இரண்டு தடவை அவிழ்ந்தது.

இரவு வத்தளையிலிருந்து மகள் எடுத்தாள்.
என்ன மரம்மா?
ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
நகத்து மண்ணைத் தோண்டியபடி ஆராயி சொன்னாள்:
பிடுங்காத மரம்.
சிக்னல் விட்டு விட்டு வந்தது.
ஊதாவாப் பூக்குமா என்று
அங்கிருந்து கத்தினாள் பிள்ளை.
பூக்கட்டும், சொல்கிறேன், என்றாள் இவள்,
நந்தசேன பேசிய அதே தமிழில்.