மாடு, ஒன்று

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.
எர்மிண்டா அதை என் கையிலிருந்து வாங்கித்
தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
அவள் நகர்ந்த பக்கமெல்லாம் ஒயர்
பால் மறக்காத கன்றுபோலப் பின்னாலேயே போயிற்று.
ஏழு மாதத்தில் எங்களுக்குள் நடந்த
முதல் கொடுக்கல் வாங்கல் அது.

எங்கள் சிலோயே தீவில்
தலைமுடி ரிப்பனுக்கும் வின்ச்சா என்றுதான் பெயர்,
அளவு நாடாவுக்கும் அதுவே,
இந்த ரம்பத்துக்கும் அதுவே.
சவப்பெட்டி செய்த ருடெசிந்தோ
கடையை மூடியபோது வாங்கியது. ஆளுயர இரும்பு.
படகுக்காரன் கட்டணப் பலகையைப் பார்த்தான்,
ரம்பத்தைப் பார்த்தான்,
'மாடு, ஒன்று' என்று டிக்கெட் கிழித்தான்.

சக்கர ரப்பரில் மரத்தூளும் பிசினும் ஏறி
அடைபோல இறுகிக் கிடந்தன.
பழைய பல்துலக்கியால் சுரண்டினேன்.
யார் யாருக்கு அறுத்த மரமோ,
இன்னும் வாசம் இருந்தது.

இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே
நேர்க்கட்டை வைத்தால் நாலு இடத்தில் தொட வேண்டும்.
மூன்றில் தொட்டது.
கீழ்ச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வாஷர் போட்டேன்.
நாலு.

நாலு வருஷம் நான் காயவைத்த சைப்ரஸ் பலகைகளை
நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில்
சால்மன் கம்பெனிக்காரனுக்கு விற்றவள் இவள்.
ஆஸ்பத்திரிக் கணக்கு அந்தப் பணத்தில்தான் தீர்ந்தது
என்று பிறகு தெரிந்தது.
தெரிந்ததால் கோபம் ஒன்றும் குறையவில்லை.

மூன்று சுற்றாய் மடிந்திருந்த பிளேடை
அவிழ்த்ததும் சீறி விரிந்தது.
மாட்டினோம். பற்கள் மேல்நோக்கி இருந்தன.
இருவரும் பார்த்தோம், இருவரும் சொல்லவில்லை.
கடைசியில் அவள்தான் கழற்றி
சட்டைக் கையைப் புரட்டுவதுபோல்
உள்ளிருந்ததை வெளியே புரட்டினாள்.

இறுக்கிச் சுண்டினேன். செத்த சத்தம்.
இன்னும் இரண்டு திருகு.
இப்போது கிண்ணென்றது.

அடுத்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.
மேல் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறவளுக்கு
பிளேடு ஓடும் இடம் தெரியும்;
சக்கரத்தைச் சாய்க்கும் குமிழோ
பின்னால் நிற்பவளிடம்.
'முன்னால் வருது.'
'எவ்வளவு?'
'ஒரு நகம்.'
'இப்போ?'
'அரை.'
'இப்போ?'
'கையை எடு. போதும்.'

பேரிங்குக்கும் பிளேடுக்கும் நடுவே
ஒரு தாளின் கனம் இடைவெளி விட வேண்டும்.
தாளைத் தேடினேன்.
அவள் கோட்டுப் பையைத் துழாவினாள்.
பிளக் வந்தது, பாதி பிஸ்கட் வந்தது,
அப்புறம் அந்த டிக்கெட்.
மாடு, ஒன்று.
முதலில் சிரித்தது யார் என்பதில்
எங்களுக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை.

மேசையை மூலமட்டம் வைத்து நிமிர்த்தினோம்.
பிளக்கைக் கொடுத்தாள்.
ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டோம்.
கூரையில் மழை, அதன் அடியில் ரம்பம்.

துண்டுக்கட்டை ஒன்றில் கோடு போட்டு அறுத்தேன்.
பிளேடு இடப்பக்கம் இழுத்தது.
கட்டையைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளினால்
கோட்டோடு வந்தது.
பாதியில் நிறுத்தினேன்; அந்தச் சாய்வை
எர்மிண்டா பென்சிலால் மேசையில் இழுத்தாள்,
'தடுப்புச் சட்டத்தை இதுக்குத் திருப்பு' என்றாள்.
வேறொரு நாளாயிருந்தால்
எனக்குத்தான் ஏதோ சொல்கிறாள் என்று எடுத்திருப்பேன்.
அன்று விரல் விறைத்திருந்தது, திருப்பினேன்.

நிஜப் பலகை வேண்டும் என்றதும்
அடுப்பு விறகுக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருவினாள்.
சைப்ரஸ். முனையில் என் சாக்பீஸ் எழுத்து: 31.
முப்பதுதான் இருந்தது, முப்பதையும் விற்றேன்
என்று சொல்லியிருந்தாள்.
நான் கேட்கவில்லை. அவளும்
பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
சுவரைப் பார்த்தாள்.

மெல்லிய தகடு ஒன்று பிரிந்து வந்தது.
இந்த முனையில் எட்டு மில்லி, அந்த முனையில் எட்டு.
'நடுவில் ஒன்பது' என்றேன்.
'நீ அவசரப்பட்டே' என்றாள்.

ராத்திரிக்குப் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்தி
ஓதம் ஏறுமுன் கிளம்பிப் போனாள்.
பேரிங்கை இன்னொரு தடவை பார்க்கலாமென்று
மேசையில் தேடினேன், தூளுக்குள் தேடினேன்.
டிக்கெட்டைக் காணோம்.